வில்லை வேறு, ஒற்றைப் படிகம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பிதழில் வந்த, மீக்கடத்திகள் (குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்கள்) பற்றிய கட்டுரை, பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்படி இருந்தது. ஆனால் 'ஒற்றைப் படிகம்' என்ற சொல்லுக்கு, தூளை அழுத்திச் சுட்டெடுத்த தூய வில்லை என்று விளக்கம் தந்திருந்தீர்கள். கூடவே வந்த படத்தில், காந்தத்தின் மேல் மிதக்கும் கறுப்பு வட்டையும் ஒற்றைப் படிகம் என்றே குறித்திருந்தீர்கள். இரண்டும் தவறு. இதை ஏதோ சொல் தகராறு என்று விட்டுவிட முடியாது. 2023 ஜூலை, ஆகஸ்டில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட எல்.கே.-99 விவகாரம் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் சிக்கிக் கிடந்தது.

ஈயம், தாமிரம், பாஸ்பேட் சேர்ந்த எல்.கே.-99 என்ற பொருள் அறை வெப்பத்திலேயே மீக்கடத்தி ஆகிறது என்று தென்கொரியக் குழு ஒன்று அப்போது அறிவித்தது. ஆதாரமாகக் காட்டிய மின்தடை வீழ்ச்சி 104 டிகிரி செல்சியஸுக்கு அருகில் நிகழ்ந்தது. தாமிர சல்ஃபைடு தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்வதும் அதே வெப்பநிலையில்தான். அவர்கள் தயாரித்த முறையில் அந்தச் சல்ஃபைடு வில்லைக்குள் தங்கிவிடும். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் திடநிலை ஆய்வு நிறுவனத்தினர் கந்தகமே சேராமல் அதன் ஒற்றைப் படிகத்தை வளர்த்துப் பார்த்தார்கள். கிடைத்தது ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் கல். மின்தடை மில்லியன் ஓம் கணக்கில் இருந்தது. மீக்கடத்தி இருக்கட்டும், அது சாதாரணக் கடத்திகூட இல்லை என்று தெரிந்தது.

வில்லை என்பது கோடிக்கணக்கான நுண்மணிகள் ஒட்டிக்கொண்ட கட்டி. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசை பார்த்துக் கிடக்கும். மணிகளின் இடுக்குகளில் வினைபுரியாத தூள், உருகி உறைந்த கழிவு, வெற்றிடம் என எல்லாம் இருக்கும். மின்தடைமானி இவை எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறது. ஒற்றைப் படிகத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அணுக்களின் அடுக்கு ஒரே வரிசையில் ஓடுகிறது. தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் அடுக்கின் தளத்திலேயே மின்சாரம் பாய்வதும் அடுக்குக்குக் குறுக்கே பாய்வதும் முற்றிலும் வேறு. வில்லையில் இந்த வேறுபாடு கலந்து காணாமல் போகும்.

1987-இல் கண்டுபிடிக்கப்பட்ட யிட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடையே எடுத்துக்கொள்வோம். மூன்று உலோகங்களும் 1:2:3 என்ற விகிதத்தில் இருப்பதால் ஆய்வகத்தில் இதை 'ஒன்-டூ-த்ரீ' என்பார்கள். ஏறத்தாழ 93 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி ஆகும். திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின் என்பதால் அதிலேயே வேலை நடக்கும். இதன் வில்லை செய்வது உண்மையிலேயே எளிது. தூளைக் கலந்து, சுட்டு, அரைத்து, அழுத்தி, மீண்டும் சுட்டு, ஆக்சிஜனில் ஆற்றினால் போதும். கட்டுரை சொன்னது இதைத்தான். படிகத்துக்கு இந்த வழி செல்லாது.

சிலிக்கனைப்போல் உருக்கி, உருகிய குழம்பிலிருந்து இழுத்தெடுக்கலாமே என்று தோன்றும். இந்தப் பொருள் உருகும்போதே சிதைந்துவிடுகிறது. காற்றில் 1010 டிகிரியைத் தாண்டியதும் 2:1:1 விகிதத்தில் பச்சை நிறத் திடப்பொருள் ஒன்று பிரிந்து நிற்கும். மிச்சம் பேரியமும் தாமிரமும் நிறைந்த திரவம். ஆறவிட்டால் இரண்டும் மறுபடி முழுமையாகச் சேராது. பச்சை மணிகளைச் சுற்றி ஓடுபோலக் கறுப்புப் பொருள் மூடிக்கொள்ள, வினை நடுவிலேயே நின்றுவிடும்.

ஆகவே, உருகுநிலைக்குக் கீழே, ஒரு கரைசலிலிருந்து வளர்க்க வேண்டும். பாகில் கற்கண்டு விளைவதுபோலத்தான். இங்கே பாகு என்பது பேரியம் ஆக்சைடும் தாமிர ஆக்சைடும் சேர்ந்த உருகுகரைசல். ஆய்வகப் பேச்சில் ஃப்ளக்ஸ். இந்த இரண்டும் ஏறத்தாழ 28:72 என்ற விகிதத்தில் சேரும்போது 900 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அந்நிய உப்பு எதையும் சேர்க்காமல் படிகத்தில் இருக்கும் தனிமங்களையே கரைப்பானாக வைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள சூட்சுமம். கரைப்பானிலிருந்து எது படிகத்துக்குள் புகுந்தாலும் அது ஏற்கெனவே அங்கே இருக்கவேண்டியதாகவே இருக்கும்.

கணக்கு இப்படி. யிட்ரியம், பேரியம், தாமிரம் 1:18:45 என்று வைத்தால், 100 கிராம் கலவைக்கு யிட்ரியம் ஆக்சைடு 1.56 கிராம், பேரியம் கார்பனேட் 49.03 கிராம், தாமிர ஆக்சைடு 49.41 கிராம். மூலப்பொருள் 99.99 சதவீதத் தூய்மைக்குக் குறையக் கூடாது. இதில் கிட்டத்தட்ட 11 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். அவசரப்பட்டு நேரே 1000 டிகிரிக்கு ஏற்றினால் பால் பொங்குவதுபோல் பொங்கி மூசையின் (கலவையை உருக்கும் கிண்ணத்தின்) விளிம்பைத் தாண்டும். அதனால் கலவை உருகத் தொடங்குமுன், 850 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் நிறுத்திக் கார்பனேட்டைச் சிதையவிட வேண்டும். தூளை ஒரேயடியாகக் கொட்டாமல் தவணை தவணையாகச் சேர்ப்பதும் உண்டு.

எத்தனை படிகம் கிடைக்கும்? கலவையில் இருக்கும் யிட்ரியம் முழுவதும் படிகமாக மாறினாலும் 9 கிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வளர்ச்சி நடக்கும் வெப்பநிலை இடைவெளியில் அதிலும் ஒரு பங்கே படியும். 100 கிராம் குழம்பு வைத்துவிட்டு, சில மில்லிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனும் கொண்ட கறுப்புச் சில்லுகள் சில கிடைத்தால் நல்ல விளைச்சல் என்றே சொல்வார்கள்.

இந்த வேலையில் வெற்றி தோல்வியை உலையைவிட மூசைதான் தீர்மானிக்கிறது. பேரியமும் தாமிரமும் சேர்ந்த குழம்பு எதையும் தின்னும். முதலில் எல்லோரும் கையில் கிடைத்த அலுமினா மூசையைப் பயன்படுத்தினார்கள். அலுமினியம் குழம்பில் கரைந்து, படிகத்தில் சங்கிலிபோல் அமைந்த தாமிர இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை இறங்கியது. மாற்றம் பட்டென்று நிகழாமல் பல கெல்வினுக்கு இழுத்தது. தங்க மூசை 1064 டிகிரியில் தானே உருகிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, தங்கமும் அதே சங்கிலித் தாமிரத்தின் இடத்தைப் பிடிக்கிறது. பிளாட்டினமும் கரைகிறது.

அடுத்து யிட்ரியம் சேர்த்து நிலைப்படுத்திய சிர்கோனியா மூசை வந்தது. சிர்கோனியம் படிகத்துக்குள் புகுவதில்லை. அது பெரிய லாபம். ஆனால் மூசைச் சுவர் குழம்பிலுள்ள பேரியத்தை இழுத்துக்கொண்டு பேரியம் சிர்கோனேட்டாக மாறிக்கொண்டே இருக்கும். குழம்பில் பேரியம் நாளுக்கு நாள் குறையும். நாம் போட்ட விகிதம் நான்காம் நாள் இருக்காது. சுவரிலிருந்து உதிரும் சிர்கோனேட் துகள்கள் குழம்பைக் கூழாக்கிவிடும். கூழான பிறகு அதை வடிக்க முடியாது, படிகம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

1995-இல் ஜெனிவாவில் ஆண்ட்ரியாஸ் எர்ப், எரிக் வாக்கர், ரெனே ஃப்ளூக்கிகர் ஆகியோர் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். வினையின் முடிவில் வருவது பேரியம் சிர்கோனேட் என்றால், அதிலேயே மூசையைச் செய்துவிடலாம். பிறகு குழம்புக்கும் சுவருக்கும் இடையே நடக்க வினை எதுவும் மிச்சமில்லை. கேட்க எளிதாக இருக்கிறது. செய்வதற்கோ, படிகம் வளர்ப்பதைவிட இந்த மூசையைச் செய்வதுதான் கடினம். பேரியமும் சிர்கோனியமும் துல்லியமாகச் சம அளவில் இருக்கவேண்டும். எது மிஞ்சினாலும் அது மணிகளின் இடுக்கில் ஒதுங்கும். குழம்பு அந்த இடுக்கைக் கரைத்துக்கொண்டு வெளியே கசியும். சிலிக்கா, அலுமினா மாசு துளி இருந்தாலும் இதே கதிதான். தூளை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி, 1700 டிகிரியை ஒட்டிச் சுட்டு, துளையே இல்லாத அடர்த்திக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண ஆய்வக உலை அந்தச் சூட்டுக்குப் போகாது. ஆனால் பலன் பெரிது: இந்த மூசையில் வளர்ந்த படிகங்களின் தூய்மை 99.99 சதவீதத்தைத் தாண்டுகிறது.

வளர்ச்சிக்கு வருவோம். கலவையை 1020 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைத்து முழுவதும் கரைக்கிறார்கள். பிறகு 1000 டிகிரிக்குக் கீழே, படிகம் முளைக்கும் வெப்பநிலையை நெருங்கியதும், மணிக்கு 0.3 முதல் 0.5 டிகிரி என்ற வேகத்தில் இறக்குகிறார்கள். மணிக்கு 0.4 டிகிரி என்றால் 40 டிகிரி இறங்க 100 மணி நேரம், அதாவது நான்கு நாளுக்கும் மேல். மூசையின் ஒரு மூலை மட்டும் சில டிகிரி குளிர்ந்து இருக்கும்படி உலைக்குள் வைப்பார்கள். முளை அங்கே மட்டும் தோன்றும். கரைந்திருக்கும் யிட்ரியம் அந்த ஒன்றிரண்டு முளைகளையே தேடிப் போய்ச் சேரும். எல்லா இடமும் ஒரே சூடாக இருந்தால் நூறு இடத்தில் முளைத்து, எதுவும் பெரிதாகாது.

இந்த நான்கு நாளில் மின்சாரம் ஐந்து நிமிடம் நின்றாலும் கதை முடிந்தது. சூடு சில டிகிரி சடாரென்று இறங்கும். குழம்பு முழுக்கப் புது முளைகள் கிளம்பும். மறுபடி சூடேற்றினால் வளர்ந்த படிகத்தின் முகம் கரைந்து, அடுத்து வரும் வளர்ச்சி அந்தக் குழிகளில் குழம்பை அடைத்துக்கொண்டு மேலே மூடும். வெளியே பளபளவென்று இருக்கும்; உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்புத் திட்டு. உலைக்கு மாற்று மின்சாரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

இன்னொரு தொல்லை, குழம்பு சுவரேறுவது. எண்ணெய் திரியில் ஏறுவதுபோல் அது மூசையின் உட்சுவரைப் பிடித்து ஏறி, விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் வழியும். கீழே இன்னொரு தட்டு வைக்காவிட்டால் உலையின் அடித்தளத்தையும் வெப்பச் சுருளையும் அரித்துவிடும். உள்ளே மட்டம் இறங்கிப்போவதால் படிகங்கள் பாதி வளர்ச்சியில் காய்ந்து நிற்பதும் உண்டு.

வளர்ந்து முடிந்ததும் குழம்பு உறைவதற்குள் வடித்தாக வேண்டும். 900 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் மொத்தமும் ஒரே கறுப்புக் கல். அதைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம், அமிலத்தில் கழுவிக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். இரண்டுமே படிகத்தையும் சேர்த்து அரிக்கும். இந்தப் பொருள் ஈரக்காற்றில்கூட மெல்ல மெல்லக் கெடுகிறது. எனவே உலைக்குள்ளேயே மூசையைச் சாய்த்து, நுண்துளைப் பீங்கானின் மேல் குழம்பை வடியவிடுகிறார்கள். கற்கண்டுப் பாகை வடிப்பது போன்றதுதான். வித்தியாசம், இங்கே கை 950 டிகிரிக்கு உள்ளே போகவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது மீக்கடத்தி அல்ல. அந்தச் சூட்டில் வளர்ந்த படிகத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறை. வாய்பாட்டில் 7 இருக்கவேண்டிய இடத்தில் 6-ஐச் சற்றே தாண்டி நிற்கும். 500 டிகிரியை ஒட்டி, தூய ஆக்சிஜன் ஓட்டத்தில் நாள்கணக்கில் வைத்தால் 6.92 வாக்கில் வந்து நிற்கும். 93 கெல்வின் கிடைப்பது அங்கேதான். சூட்டை இன்னும் குறைத்து, வாரக்கணக்கில் வைத்து 7-ஐ நெருங்கச் செய்தால் மாற்ற வெப்பநிலை 88, 89 கெல்வினுக்கு இறங்கிவிடும். கூடினாலும் குறைதான். ஆக்சிஜன் அடுக்கின் தளத்தில்தான் வேகமாக ஓடுகிறது, குறுக்கே அல்ல. அதனால் அகலமான சில்லுக்குக் கூடுதல் காலம் தேவை. அவசரப்பட்டு எடுத்தால் ஓரம் ஒரு வெப்பநிலையிலும் நடு வேறொரு வெப்பநிலையிலும் மாறும். அளவைக் கோட்டில் இரண்டு படி தெரியும்.

ஆக்சிஜன் ஏறும்போது சதுர அடித்தளம் லேசாக நீண்டு செவ்வகமாகிறது. ஒரு பக்கம் 3.82 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), மறுபக்கம் 3.89. எந்தப் பக்கம் நீளுவது என்று படிகத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே முடிவெடுப்பதால் இரட்டைப் படிகக் கோடுகள் விழுகின்றன. தளவிளைவு நுண்ணோக்கியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கொண்டு பார்க்கும் கருவியில்) பார்த்தால் 45 டிகிரி சாய்வில், பத்தமடைப் பாய்க் கோரைபோல் நெருக்கமான வரிகள் தெரியும். அதை நீக்க, படிகத்தை மிதமாகச் சூடாக்கி ஒரு பக்கத்திலிருந்து அழுத்துகிறார்கள். அழுத்தும் திசை குட்டைப் பக்கமாக மாற, வரிகள் ஒவ்வொன்றாக நுண்ணோக்கிக்குக் கீழே நகர்ந்து மறையும். அழுத்தம் கொஞ்சம் மிஞ்சினால் படிகம் நொறுங்கும். நான்கு நாள் வளர்ச்சியும், வாரக்கணக்கான ஆக்சிஜனும் ஒரு நொடியில் போய்விடும்.

இவ்வளவு பாடுபடுவதால் என்ன கிடைத்தது? கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹார்டி, டக் பான், ரூயிஷிங் லியாங் குழுவினர் 1993-இல், சிர்கோனியா மூசையில் வளர்த்த படிகங்களில், காந்தப்புலம் எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது என்பதை நுண்ணலைகளால் அளந்தார்கள். குறைந்த வெப்பநிலையில் அது வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் கூடியது. பழைய வகை மீக்கடத்திகளில் இருப்பதுபோன்ற முழுமையான ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் இணைகளைப் பிரிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) இங்கே இல்லை, சில திசைகளில் அது பூஜ்யமாகிறது என்பதற்கு அது வலுவான சான்று. மாசு கலந்த மாதிரிகளில் இந்த நேர்கோடு வளைந்து மறைந்துவிடுகிறது. அதனால்தான் முன்பு கண்ணில் படவில்லை. பிறகு அதே குழு பேரியம் சிர்கோனேட் மூசைக்கு மாறியது. அவர்கள் வளர்த்துக் கொடுத்த, ஆக்சிஜன் 6.5 அளவில் ஒழுங்காக வரிசைப்பட்ட படிகங்களில்தான் 2007-இல் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகக் குழு குவாண்டம் அலைவுகளை, அதாவது காந்தப்புலம் கூடக் கூட மின்தடை ஒழுங்காக ஏறி இறங்குவதை, கண்டது. தாமிர ஆக்சைடு மீக்கடத்தி கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுக்குப் பிறகு! தாமதத்துக்குப் பெரும் காரணம் படிகத்தின் தூய்மைதான் என்பது எங்கள் கருத்து.

எல்லாத் தாமிர ஆக்சைடுகளும் மூசையில் வளர்வதில்லை. லாந்தனம்-ஸ்ட்ரான்சியம் வகையை மூசையே இல்லாமல் வளர்க்கிறார்கள். நீள்வட்ட ஆடிகளால் விளக்கொளியைக் குவித்து, தொங்கும் தண்டின் நுனியில் ஒரு சொட்டுக் குழம்பை மிதக்கவிட்டு, மணிக்கு 1 மி.மீ. வேகத்தில் நகர்த்துவார்கள். பிஸ்மத் வகைக்கு அதைவிடவும் மெதுவாக. பிஸ்மத் படிகம் அப்பளக்கட்டுபோல் அடுக்கடுக்காகப் பிரியும். செலோடேப்பை ஒட்டி உரித்தால் புத்தம்புது முகம் கிடைக்கும்.

இனி, உங்கள் படத்தில் இருந்த கறுப்பு வட்டு. அதன் நடுவில் சிறு சதுரச் சில்லு ஒன்றும், அங்கிருந்து நான்கு திசைக்கும் ஓடும் மெல்லிய கோடுகளும் அச்சிலேயே தெரிகின்றன. அது விதை வைத்து, உருக்கி வளர்த்த ஒற்றைக் களக் கட்டி. நாம் பார்த்த பச்சைப் பொருளை அதற்குள் வேண்டுமென்றே மிஞ்சவிடுவார்கள். அந்தப் பச்சை மணிகள் காந்தப்புலக் கோடுகளைப் பிடித்துவைப்பதால்தான் வட்டு அந்தரத்தில் ஆடாமல் நிற்கிறது. 2014-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் இதன் கடோலினியம் வகைக் கட்டிகள் இரண்டை அடுக்கி 17.6 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) புலத்தைச் சிறைப்பிடித்துக் காட்டினார்கள். நாங்கள் மேலே விவரித்த தூய படிகத்தை அங்கே வைத்தால் இப்படிப் பிடித்துநிற்காது. பிடிமானத்துக்கு அதில் மாசே இல்லை. ஆக, மிதக்கவைக்க ஒன்று, ஆராய இன்னொன்று, வகுப்பறையில் செய்துகாட்ட வில்லை என்று மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. வில்லைக்கு 'பல்படிக வில்லை' என்றும், படத்தில் உள்ளதற்கு 'ஒற்றைக் களக் கட்டி' என்றும் திருத்தம் வெளியிட்டால் நல்லது. இனி புதிய மீக்கடத்தி என்று செய்தி வந்தால், அளந்தது இவற்றில் எதை என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்டு, அந்தப் பதிலையும் செய்தியில் சேர்க்க வேண்டுகிறோம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வில்லை செய்வதைப் பள்ளியிலேயே முயலலாம் என்று கட்டுரை முடிகிறது. பேரியம் கார்பனேட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அது தண்ணீரில் அதிகம் கரையாது, ஆனால் இரைப்பை அமிலத்தில் கரைந்து நஞ்சாகிவிடும். எலி மருந்தாகவே பயன்பட்ட பொருள் அது. எடை போடும்போதும் அரைக்கும்போதும் தூசு பறக்கும். முகக்கவசம், கையுறை, காற்று உறிஞ்சும் பெட்டி மூன்றும் இல்லாத இடத்தில் அந்தப் புட்டியைத் திறக்கக் கூடாது. உரலையும் தட்டுகளையும் கழுவிய நீரைத் தொட்டியில் கொட்டாமல் தனியே பிடித்து, சிறிது நீர்த்த அமிலத்தில் கார்பனேட்டைக் கரைத்து, பிறகு சோடியம் சல்ஃபேட் சேர்த்தால் பேரியம் வெள்ளை வீழ்படிவாக அடியில் தங்கிவிடும். அதை வடிகட்டி வேதிக்கழிவோடு சேர்க்கவேண்டும். திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
படிக வளர்ப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
சென்னை